பேரிங் எஃகின் உள்ளே பார்ப்பது எப்படி? உருளும் சுமையில் நுண்ணமைப்பு மாறுவதைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஓடி முடித்த பேரிங்கின் உள்வளையத்தை வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்டலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) சில விநாடி நனைத்து நுண்ணோக்கியில் வையுங்கள். குண்டோ ரோலரோ உருளும் ஓடுபாதை கண்ணாடிபோல் பளபளத்தாலும் அதற்கு அடியில் எஃகு மாறிப்போயிருக்கலாம். கருத்த பிறை ஒன்று தெரியும். அதற்குள் சாய்ந்த வெள்ளைக் கோடுகள் ஓடும். எஃகு தயாரிப்பில் உள்ளே சிக்கிய ஒரு கசடுத் துகளின் இருபுறமும் எங்கோ வெள்ளைச் சிறகுகள் விரிந்திருக்கும். இவற்றை முதன்முதலில் பார்ப்பவர்கள் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். கருப்பா, வெள்ளையா என்று பார்த்து உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. இந்த மாற்றம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? சுமை ஏறாத இடத்திலும் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் நிறத்துக்கு அர்த்தம் வரும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த மூன்று கேள்விகளுக்காகத்தான். பெரிய கருவி தேவையில்லை. கல்லூரி உலோகவியல் ஆய்வகத்தில் இருக்கும் கட்டர், பாலிஷ் சக்கரம், ஆயிரம் மடங்கு வரை காட்டும் நுண்ணோக்கி, சிறு குழி குத்திக் கடினத்தை அளக்கும் மைக்ரோ விக்கர்ஸ் கருவி ஆகியவையே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும்.

முதல் படி: எந்த எஃகு, என்ன வெப்பப் பதம்

உலகில் ஓடும் பேரிங்குகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்து எஃகால் ஆனவை. ஏறத்தாழ 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். ஜெர்மன் பெயர் 100சிஆர்6, அமெரிக்கப் பெயர் 52100, ஜப்பானியப் பெயர் எஸ்யூஜே2. நம் ஊர்ப் பட்டறைகளில் ஈஎன் 31 என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் இதன் அடிப்படைக் கலவை பெரிதாக மாறவில்லை. மாறியது அதன் தூய்மை. வெற்றிடத்தில் வாயு நீக்கும் முறை வந்த பிறகு, நல்ல பேரிங் எஃகில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 10 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக்சைடு கசடுகள் குறைந்தன, ஆயுள் பலமடங்கு கூடியது.

வழக்கமான பதம் இப்படி: 840 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி எண்ணெயில் குளிர்விப்பார்கள். பிறகு 160 முதல் 180 டிகிரியில் டெம்பர் செய்வார்கள், அதாவது உடையும் தன்மை குறைய மறுபடி லேசாகச் சூடாக்குவார்கள். கடினம் ராக்வெல் அளவில் 60 முதல் 64 எச்ஆர்சி வரை இருக்கும். உள்ளே மூன்று பொருள்கள் இருப்பதை மனதில் வையுங்கள். முதலாவது டெம்பர் ஆன மார்ட்டென்சைட், வேகமாகக் குளிர்ந்ததில் பிறந்த கடினமான அமைப்பு, அதுதான் அடிப்படை. இரண்டாவது, கரையாமல் தங்கிவிட்ட உருண்டைக் கார்பைடுகள் (கார்பனும் உலோகமும் சேர்ந்த துகள்கள்). அரை மைக்ரானை ஒட்டிய அளவில் பரவிக் கிடக்கும். மூன்றாவது, சூட்டில் இருந்த அமைப்பில் மார்ட்டென்சைட்டாக மாறாமல் மிஞ்சிய ஆஸ்டினைட். பெரும்பாலும் 6 முதல் 15 சதவீதம். உருளும் சுமை இந்த மூன்றையுமே மாற்றும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல.

உங்கள் கையில் இருப்பது பெய்னைட் என்ற வேறு அமைப்பைத் தரும் பதமா, கார்பன் ஏற்றிய எஃகா, விமான எஞ்சினில் போடும் எம்50ஆ என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கீழே சொல்வது எல்லாம் டெம்பர் ஆன மார்ட்டென்சைட் 52100க்கு. மற்ற எஃகுகளில் தோற்றமும் வரும் காலமும் வேறு.

இரண்டாம் படி: வெட்டுவதற்கு முன் ஆழத்தைக் கணக்கிடுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. இதைச் செய்யாமல் நுண்ணோக்கியில் உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

இரண்டு உருண்டைப் பரப்புகள் அழுந்தும்போது என்ன அழுத்தம் வரும் என்பதை ஹெர்ட்ஸ் 1882இல் எழுதிவிட்டார். அதில் பேரிங்காரர்களுக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு: ஓர் அடுக்கை அடுத்த அடுக்கின் மேல் சறுக்கப் பார்க்கும் நறுக்கு விசை உச்சத்தைத் தொடுவது மேற்பரப்பில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. ரோலர் தொடும்போது, தொடுகைப் பட்டையின் அரை அகலத்தில் 0.78 பங்கு ஆழத்தில் அந்த உச்சம் வரும். அதன் அளவு, தொடுகையின் உச்ச அழுத்தத்தில் 0.3 பங்கு. பரப்புக்கு இணையாக இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி வரும் நறுக்கு விசை வேறு. அது அரை அகலத்தில் பாதி ஆழத்தில் உச்சம் அடையும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் களைத்து உடைவதைப் பேசுபவர்கள் இரண்டையுமே பார்ப்பார்கள். பேரிங் ஆயுளுக்கு இன்றும் அடித்தளமாக இருக்கும் லுண்ட்பெரி, பாம்கிரென் கோட்பாடு (1947) இந்தத் திரும்பி வரும் நறுக்கு விசையைத்தான் எடுத்துக்கொண்டது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரோலரின் ஆரம் 5 மி.மீ., உள்வளைய ஓடுபாதையின் ஆரம் 20 மி.மீ. இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் சமான ஆரம் 4 மி.மீ. இரண்டு பக்கமும் எஃகு என்றால், அரை அகலம் = 2 × உச்ச அழுத்தம் × சமான ஆரம் ÷ 113. அழுத்தத்தை ஜிகாபாஸ்கலில் போடுங்கள். உச்ச அழுத்தம் 2 ஜிகாபாஸ்கல் என்றால் அரை அகலம் 0.14 மி.மீ. நறுக்கு விசையின் உச்சம் மேற்பரப்புக்கு 0.11 மி.மீ. கீழே. சோதனை மேடையில் 3.5 ஜிகாபாஸ்கலுக்கு ஏற்றினால் அதே உச்சம் 0.19 மி.மீ. ஆழத்துக்கு இறங்கும். வெளிவளையத்தைப் பார்க்கிறீர்கள் என்றால் அது குழிந்த பரப்பு. கூட்டுத்தொகைக்குப் பதிலாக வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். குண்டு பேரிங்கில் தொடுகை நீள்வட்டம் என்பதால் இந்த எளிய சூத்திரம் போதாது, ஆனால் ஆழம் அதே வரிசையில்தான் வரும்.

இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் காணும் மாற்றம் இந்த ஆழத்தைச் சுற்றி அமர்ந்திருந்தால் அது உருளும் சுமையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மேற்பரப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி மங்கினால் வேறு காரணம் தேடுங்கள்.

அழுத்தத்தின் அளவுகோலையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். நல்ல வடிவமைப்பில் பேரிங்குகள் பெரும்பாலும் 1 முதல் 2 ஜிகாபாஸ்கலில் ஓடும். நிலைச்சுமை வரம்பை வகுக்கும் ஐஎஸ்ஓ 76 தரம் குண்டு பேரிங்குக்கு 4.2 ஜிகாபாஸ்கலையும் ரோலருக்கு 4 ஜிகாபாஸ்கலையும் வைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் அழகான கரும்பிறைகள் பெரும்பாலும் 3 ஜிகாபாஸ்கலுக்கு மேல் விரைவுபடுத்திய சோதனைகளில் கிடைத்தவை. அளவான சுமையில், நல்ல எண்ணெயில் ஓடிய பேரிங்கில் அப்படி ஒன்றும் தெரியாவிட்டால் ஏமாற வேண்டாம். தெரியாததும் ஒரு முடிவுதான்.

மூன்றாம் படி: எத்தனை முறை அழுந்தியது

மணி நேரக் கணக்கு போதாது. ஓடுபாதையின் ஒரு புள்ளி எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று பாருங்கள். 6206 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். 9 குண்டுகள், ஒவ்வொன்றும் 9.5 மி.மீ. விட்டம்; குண்டுகளின் நடுவட்டம் 46 மி.மீ. உள்வளையம் ஒரு சுற்று சுற்றும்போது அதன் மேல் ஒரு புள்ளியை சுமார் 5.4 குண்டுகள் தாண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 8,100 அழுத்தங்களுக்கு மேல். முழு அச்சுவழிச் சுமையில் எல்லாக் குண்டுகளும் சுமை தாங்குவதால், 10 கோடி அழுத்தங்களைத் தொட 205 மணி நேரம் போதும். ஆரவழிச் சுமை மட்டும் இருந்தால் சுமைப் பகுதிக்குள் வரும்போது மட்டுமே அழுந்தும், கணக்கு குறையும். ஓடிய வெப்பநிலை தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்பன் அணுக்கள் நகர்வதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நான்காம் படி: அம்புக்குறி போடுங்கள், பிறகு வெட்டுங்கள்

வளையத்தைக் கழற்றியவுடன், கழுவுவதற்கும் முன்பே, உருண்ட திசையை மின்பேனாவால் பக்கவாட்டில் அம்பாகக் குறியுங்கள். வெள்ளைக் கோடுகளின் சாய்வை இந்தத் திசையை வைத்துத்தான் படிக்க முடியும். அம்பு இல்லாத மாதிரியிலிருந்து பாதித் தகவல் போய்விடும்.

இரண்டு வகை வெட்டுமுகம் தேவை. அச்சுக்கு இணையாக, ஓடுபாதைக்குக் குறுக்கே வெட்டினால் கரும்பகுதி பிறை வடிவில் முழுதாகத் தெரியும். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று அளக்கலாம். ஆனால் கோடுகளின் சாய்வு அதில் தெரியாது. அதற்கு ஓடுபாதையின் நடுவில், உருளும் திசையிலேயே வெட்ட வேண்டும். ஒரே ஒரு வெட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

மூன்றாவதாக ஒரு துண்டும் வேண்டும்: அதே வளையத்தில் சுமை ஏறாத இடம். சுற்றாத வெளிவளையத்தில் சுமைப் பகுதிக்கு நேர் எதிரே எடுக்கலாம். சுற்றும் உள்வளையத்தில் சுற்று முழுக்கவும் அழுந்தியிருக்கும். அங்கே ஓடுபாதைக்கு வெளியே இருக்கும் தோள்பகுதியை எடுங்கள். இந்தத் துண்டு இல்லாமல் எழுதும் எந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன். எஃகுக் கம்பியிலேயே இருந்த கார்பைடு வரிசைகளும், வெப்பப் பதத்தில் வந்த கோளாறுகளும் ஓடாத இடத்திலும் அப்படியே இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும்.

வெட்டும்போது வரும் சூடுதான் பெரிய எதிரி. இந்த எஃகு 160 டிகிரியில் டெம்பர் ஆனது. அதற்கு மேல் சூடேறினால் கருக்கத் தொடங்கும், அந்தக் கருப்பு நீங்கள் தேடும் கருப்புபோலவே இருக்கும். தேய்ப்புச் சக்கரத்தில் வெட்டினால் குளிர்விக்கும் நீர் தாராளமாகப் பாய வேண்டும், அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். மின்பொறியால் அறுக்கும் வயர்கட்டில் வெட்டினால் இன்னொரு சிக்கல். மின்பொறியில் உருகி உறைந்த மேலடுக்கு நைட்டலில் வெள்ளையாகவே நிற்கும், அதற்குக் கீழே டெம்பர் ஆன கருத்த அடுக்கும் இருக்கும். வயர்கட் செய்த முகத்தில் கால் மில்லிமீட்டராவது தேய்த்து எடுத்த பிறகே பாலிஷுக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: மவுண்ட், பாலிஷ், எட்ச் (அமிலத்தில் அரித்தல்) செய்யாமல் முதல் பார்வை

துண்டைப் பிடித்துக்கொள்ளப் பிளாஸ்டிக்கில் பதிப்பதுதான் மவுண்ட். சூடாக அழுத்தும் பேக்கலைட் மவுண்ட் 150 முதல் 180 டிகிரி வரை போகும். வெறும் படம் எடுக்க அது பரவாயில்லை. மிஞ்சிய ஆஸ்டினைட்டையோ உள் தகைவையோ (வெளிச்சுமை இல்லாமலே எஃகுக்குள் தங்கிய இறுக்கம்) அதே துண்டில் அளக்க நினைத்தால் குளிர் எபாக்சியையே பயன்படுத்துங்கள். ஓரம் மழுங்காமல் இருப்பது இங்கே உயிர்நாடி, ஏனென்றால் ஆழம் முழுக்க மேற்பரப்பிலிருந்துதான் அளக்கப்படுகிறது. கடினத் துகள் கலந்த எபாக்சி உதவும். 220இல் தொடங்கி 1200 வரை எமரி, பிறகு 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை. ஒவ்வொரு கட்டத்துக்கும் 90 டிகிரி திருப்பி, பழைய கீறல் முழுதும் போன பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

பாலிஷ் முடிந்ததும் எட்ச் செய்ய அவசரப்படாதீர்கள். எட்ச் செய்யாத முகத்தில்தான் கசடுத் துகள்களும் நுண்விரிசல்களும் தெளிவாக இருக்கும். நீண்டு சாம்பல் நிறமாக இருப்பது மாங்கனீஸ் சல்பைடு. கருத்து, உடைந்து, வரிசையாக இருப்பது அலுமினா. விரிசல் தெரிந்தால் அதன் இடத்தை மேடையின் அளவுகோலில் குறித்துவையுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு விக்கர்ஸ் குழியை அடையாளமாகக் குத்துங்கள். எட்ச் செய்த பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: எட்ச்

இரண்டு சதவீத நைட்டல் போதும். 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலத்தை மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். அமிலம்தான் ஆல்கஹாலுக்குள் போக வேண்டும். தேவைக்கு மட்டும் கலக்குங்கள், இறுக மூடிய பாட்டிலில் சேமிக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம். கையுறை, கண்ணாடி, புகைக்கூண்டு மூன்றும் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். பிக்ரிக் அமிலம் கலந்த பிக்ரால் கார்பைடுகளை இன்னும் அழகாகக் காட்டும், ஆனால் உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிபொருள். அதைக் கையாளப் பழகிய ஒருவர் கூட இல்லாமல் புதியவர்கள் தொடக்கூடாது.

5 முதல் 10 விநாடி நனைத்து, நீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, சூடான காற்றில் உலர்த்துங்கள். முகம் லேசாகச் சாம்பல் பூத்ததும் நிறுத்திவிடுங்கள். அதிக நேரம் விட்டால் எல்லாமே கருத்து, பிறை அடிப்படையோடு கலந்துவிடும். ஓடிய துண்டையும் ஓடாத துண்டையும் ஒரே மவுண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக நனைப்பது நல்ல வழக்கம். அப்போது நிற வேறுபாட்டுக்கு எட்ச் நேரம் காரணமா என்ற சந்தேகமே வராது.

ஏழாம் படி: கரும்பகுதியும் இரண்டு வகைக் கோடுகளும்

முதலில் குறைந்த பெருக்கத்தில், 50 மடங்கில், வெறும் வடிவத்தைப் பாருங்கள். குறுக்கு வெட்டில் பிறைபோன்ற கருப்பு, மேற்பரப்பைத் தொடாமல், நீங்கள் கணக்கிட்ட ஆழத்தைச் சுற்றி அமர்ந்திருந்தால் அதுதான் கரும் எட்ச் பகுதி. 1940களிலேயே ஜோன்ஸ் இதைக் குறிப்பிட்டார். அங்கே நடந்திருப்பது மார்ட்டென்சைட்டின் சிதைவு. கோடிக்கணக்கான அழுத்தங்களில், அணு வரிசைகளில் உள்ள பிசகுகளான இடப்பிறழ்வுகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. அவற்றோடு கார்பன் அணுக்களும் மார்ட்டென்சைட்டை விட்டு நகர்ந்து சேர்கின்றன. கார்பன் இழந்த மென்மையான இரும்பான ஃபெரைட் திட்டுகள் பிறக்கின்றன. நைட்டல் அந்த இடத்தை வேகமாக அரிக்கிறது. அரித்த இடம் ஒளியைச் சிதறடிப்பதால் கருப்பாகத் தெரிகிறது. அதிகப் பெருக்கத்துக்குப் போனால் அது ஒரே சீரான கருப்பு இல்லை, பழைய மார்ட்டென்சைட்டுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் படர்ந்தது என்று தெரியும். 500 மடங்குக்கு மேல் பிறையின் எல்லை காணாமல் போவதுபோலத் தோன்றும். அளப்பதைக் குறைந்த பெருக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து, உருளும் திசையில் வெட்டிய முகத்துக்கு வாருங்கள். கரும்பகுதிக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசையாக இருக்கிறதா பாருங்கள். மேற்பரப்போடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்தவை தாழ்கோணப் பட்டைகள். ஒவ்வொன்றின் தடிமனும் ஒரு மைக்ரானுக்குக் கீழே. பக்கத்தில் வில்லை வடிவக் கார்பைடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டைக்குள் கார்பன் குறைந்த ஃபெரைட். வெளியேறிய கார்பன் அந்த வில்லைகளில் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஓடியிருந்தால், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறக்குறைய 80 டிகிரியில் தடித்த பட்டைகள் எழும்பும். இவை உயர்கோணப் பட்டைகள். பல மைக்ரான் தடிமன் இருக்கும்.

வழக்கமான வரிசை இது: முதலில் கருப்பு, பிறகு 30 டிகிரி, பிறகு 80 டிகிரி. ஸ்வான், பெக்கர், விங்ஸ்போ மூவரும் 1976இல் குண்டு பேரிங் உள்வளையங்களை வெவ்வேறு கட்டங்களில் நிறுத்தி வெட்டி, இந்த மூன்று கட்டங்களையும் மார்ட்டென்சைட் சிதைவு என்ற பெயரில் விளக்கினார்கள். 3 ஜிகாபாஸ்கலுக்கு மேல், கரும்பகுதி சில பத்து லட்சம் முதல் சில கோடி அழுத்தங்களில் தலைகாட்டும். தாழ்கோணப் பட்டைகளுக்கு 10 கோடியை ஒட்டி ஓட வேண்டும். உயர்கோணப் பட்டைகள் அதற்கும் மேலே. அழுத்தமும் வெப்பநிலையும் மாறினால் இந்த எண்கள் நன்றாகவே நகரும், ஆகவே இதை வைத்து ஒரு பேரிங் எத்தனை மணி நேரம் ஓடியது என்று துல்லியமாகச் சொல்ல முயல வேண்டாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வதே போதுமான பெரிய செய்தி. அது உங்கள் மூன்றாம் படிக் கணக்கோடு பொருந்தாவிட்டால், சொல்லப்பட்ட சுமையை விட அதிகச் சுமை ஏறியிருக்கிறதா என்று கேட்கலாம்.

ஏன் 30, ஏன் 80 என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே விளக்கம் இன்னும் வரவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பல பத்தாண்டுகளாகப் பார்த்து வரும் ஒரு கோணம், இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

கவனியுங்கள்: இந்தக் கட்டங்கள் எதுவும் தன்னளவில் பழுது இல்லை. உயர்கோணப் பட்டை நிறைந்த வளையம்கூடச் சில்லு பெயராமல் ஓடிக்கொண்டிருக்கும். அறிக்கையில் 'கரும்பகுதி காரணமாகப் பழுது' என்று எழுதிவிடாதீர்கள்.

எட்டாம் படி: வெள்ளைச் சிறகும் வெள்ளை விரிசலும்

இவை வேறு குடும்பம். கசடுத் துகள் ஒன்றின் இரு ஓரங்களிலிருந்து, ஏறக்குறைய 45 டிகிரியில் எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு வெள்ளைச் சிறகுகள் நீண்டிருந்தால் அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். சிறகின் ஒரு விளிம்பில் விரிசல் ஓடும். சில சமயம் நைட்டலுக்கு முன்பே அந்த விரிசல் தெரிந்திருக்கும். சிறகுக்குள் இருப்பது நானோமீட்டர் அளவுப் படிகங்களாக நொறுங்கிய ஃபெரைட். அரிப்பு ஒரே சீராக, ஆழமில்லாமல் போவதால் ஒளியைத் திருப்பி அனுப்பி வெள்ளையாகத் தெரிகிறது. பட்டைகளும் வெள்ளை, சிறகும் வெள்ளை. ஆனால் பட்டைகள் சுற்றியுள்ள எஃகை விட மென்மையானவை, சிறகு அதைவிடக் கடினமானது. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பட்டாம்பூச்சி ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. ஒன்றோடொன்று கிளைத்து, வலைபோல் பரவி, மேற்பரப்புக்கு வெகு கீழேயும் போகும் வெள்ளை ஓரம் கொண்ட விரிசல்களைக் கண்டால் நிமிர்ந்து உட்காருங்கள். வெள்ளை எட்ச் விரிசல் என்று சொல்லும் இந்தப் பழுது, கணக்கிட்ட ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் பேரிங்கை முடித்துவிடும். 1990களில் ஜப்பானில் கார் ஆல்டர்னேட்டர் பேரிங்குகளில் இதை ஆராய்ந்தார்கள். பிறகு காற்றாலை கியர்பாக்ஸ்களில் உலகம் முழுக்கப் பெரிய தலைவலியானது. தமிழ்நாட்டில் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தனியாகவே பழகிக்கொள்வது நல்லது.

காரணமாகச் சொல்லப்படுபவை பல: எண்ணெயோ நீரோ உடைந்து எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன், தண்டு வழியாகக் கசியும் மின்சாரம், ரோலர் சறுக்கல், சில எண்ணெய்ச் சேர்மங்கள், நிலையற்ற சுமை. விரிசல் முதலில் வந்து, அதன் முகங்கள் தேய்ந்து வெள்ளையாகிறதா, வெள்ளை முதலில் வந்து விரிசல் பின்னால் வருகிறதா என்பது நீண்ட விவாதம். தேய்ப்பின் பங்கை இன்று பலர் ஏற்கிறார்கள்.

செய்முறையில் ஒன்று முக்கியம். இந்த விரிசல் வலை முப்பரிமாணத்தில் பரவுவது. ஒரு வெட்டுமுகம் அதன் ஒரு கீற்றைத்தான் காட்டும். பார்த்து, படம் எடுத்து, 5 முதல் 10 மைக்ரான் தேய்த்து, மறுபடி பாலிஷ், மறுபடி எட்ச், அதே இடத்தில் மறுபடி படம். இப்படி அடுக்கடுக்காக இறங்கினால்தான் விரிசல் எங்கே தொடங்கியது என்று தெரியும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்துதான், சில மைக்ரான் அளவே உள்ள சின்னஞ்சிறு கசடுகளில் விரிசல் தொடங்குவதைப் பிடித்தார்கள். ஒரே வெட்டில் பார்த்திருந்தால் அந்தக் கசடு தப்பியிருக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு தேய்ந்தது என்பதை அறிய, பக்கத்தில் குத்திய விக்கர்ஸ் குழியின் மூலைவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். ஆழம் அந்த மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வெள்ளைகளையும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டிங் எரிவில் மறுபடி கடினமான தோல் வெள்ளையாக இருக்கும். மின்பொறி பாய்ந்த குழிகளிலும் அப்படியே. இரண்டும் மேற்பரப்பிலேயே இருக்கும், கீழே கருத்த டெம்பர் அடுக்கு தொடரும். ஆழத்தைப் பார்த்தாலே பிரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: எண்களால் உறுதி செய்யுங்கள்

மைக்ரோ விக்கர்ஸில் 100 கிராம் சுமை வைத்தால், 750 எச்வி கடினத்தில் குழியின் மூலைவிட்டம் சுமார் 16 மைக்ரான். இரண்டு குழிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மடங்கு, அதாவது 50 மைக்ரான் விட வேண்டும். பிறையின் ஆழமே 200 மைக்ரான் என்றால் நேர்கோட்டில் நான்கு குழிதான் விழும். ஆகவே சாய்கோட்டில் படிப்படியாகக் குத்துங்கள். ஆழத்தில் 20 மைக்ரானுக்கு ஒன்று கிடைக்கும். எட்ச் லேசாக இருக்கும்போதே குத்தினால், எந்தக் குழி எந்தப் பகுதியில் விழுந்தது என்று தெரியும். ஓடாத துண்டிலும் அதே வரிசை. நன்கு வளர்ந்த கரும்பகுதியில் கடினம் இறங்கியிருப்பதைக் காணலாம். தொடக்கக் கட்டத்தில் லேசாக ஏறியும் இருக்கும்.

படிக அமைப்பை எக்ஸ்கதிரால் அளக்கும் விலகல் கருவி கிடைத்தால் மிஞ்சிய ஆஸ்டினைட்டை ஆழவாரியாக அளவிடுங்கள். குரோமியம் கதிர் எஃகுக்குள் சில மைக்ரான்தான் ஊடுருவும் என்பதால், மின்பாலிஷால் அடுக்கடுக்காக நீக்கி அளக்க வேண்டும். எமரியால் தேய்த்து அளக்காதீர்கள். தேய்ப்பே ஆஸ்டினைட்டை மாற்றிவிடும், உள் தகைவையும் கெடுக்கும். நறுக்கு விசை உச்சமாகும் ஆழத்தில் ஆஸ்டினைட் குறைந்தும், அழுத்தத் தகைவு கூடியும் இருப்பதை வோஸ்காம்ப் 1985இல் காட்டினார். நுண்ணோக்கியில் கருப்பு தெரிவதற்கு முன்பே இந்த மாற்றம் வந்துவிடக்கூடும், ஆகவே நைட்டலில் ஒன்றும் தெரியாத மாதிரிக்கு இதுவே அடுத்த சோதனை. வளையத்தை மவுண்ட் செய்வதற்கு முன்பே இதற்கென ஒரு துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

பத்தாம் படி: பதிவு

ஒவ்வொரு படத்தின் மீதும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: அளவுகோல், மேற்பரப்பு எந்தப் பக்கம், உருண்ட திசையின் அம்பு, எட்ச் செய்த கரைசலும் நேரமும். முடிவை எழுதும்போது கண்டதை முதலில், பெயரைப் பின்னால் எழுதுங்கள். 'மேற்பரப்புக்குக் கீழே 0.08 முதல் 0.25 மி.மீ. வரை கருத்த பகுதி. ஓடாத துண்டில் இல்லை. உள்ளே 30 டிகிரி சாய்ந்த மெல்லிய வெள்ளைக் கோடுகள். கணக்கிட்ட நறுக்கு உச்சம் 0.19 மி.மீ.' என்று எழுதிய பிறகு, 'தாழ்கோணப் பட்டைகளோடு கூடிய கரும் எட்ச் பகுதி' என்று பெயர் வைத்தால் படிப்பவரால் சரிபார்க்க முடியும். வளையத்தின் எஞ்சிய பாகத்தை எண்ணெய் தடவி, அம்புக்குறி தெரியும்படி உறையிலிட்டு, வெட்டிய இடங்களின் வரைபடத்தோடு வையுங்கள். விரிசல் வலை ஒன்று பின்னால் சந்தேகமானால், அடுத்த துண்டை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.